நான்கு நாள் தாமதமும் நெகேமியாவின் கோபமும்

தியானப் பகுதி: நெகேமியா 5:1-13



கடந்த ஆண்டு ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து சபையார் கலைந்துகொண்டிருந்த வேளையில், சகோதரி ஒருவர் என் அருகில் வந்து நின்றார். வேதாகமத்தின் உறைக்குள்ளிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். அது அவருடைய வீட்டுக்கடனின் கணக்கு அறிக்கை. அவர் கணவரை இழந்தவர்; அரசு உதவி பெறும் பள்ளியொன்றில் ஆசிரியை. பிள்ளைகளுக்கென்று ஒரு கூரை வேண்டும் என்பதற்காகப் பதினைந்து லட்சம் ரூபாய் கடன் பெற்று இரண்டு அறைகள் கொண்ட வீட்டைக் கட்டியவர். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அவர் பெயரும் வங்கியின் பெயரும் இங்கே தேவையில்லை.

“ஐயா, ஒரு மாதம்கூட நான் தவணை கட்டாமல் இருந்ததில்லை. ஆனாலும் 6,590 ரூபாய் பாக்கி என்று போட்டிருக்கிறார்கள். எங்கே தவறு செய்தேன் என்றே தெரியவில்லை” என்றார். குரல் தாழ்ந்திருந்தது. கடன் பாக்கி என்பது மற்றவர் காதில் விழக்கூடாத ஒரு காரியமாக அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

நான் அந்தத் தாளைச் சரியாக வாசிக்கவுமில்லை. “கட்டிவிட்டுச் சமாதானமாக இருங்கள், அம்மா. வங்கியோடு நம்மால் வழக்காட முடியுமா? கர்த்தர் பார்த்துக்கொள்வார்” என்றேன். ஜெபித்தேன். அவர் தாளை மறுபடியும் நான்காக மடித்து உறைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

பிரியமானவர்களே, அன்று நான் சொன்ன ஆலோசனை தவறானது. கர்த்தருடைய நாமத்தைச் சொல்லி, என் சோம்பலையும் என் பயத்தையும் அவருக்கு ஆலோசனையாகக் கொடுத்தேன். அதை அறிக்கையிடவும் திருத்தவுமே இவ்வாரச் சிந்தனை.

மதில் வேலையை நிறுத்திக் கணக்குக் கேட்டவர்

சில நாட்களுக்குப் பின் என் அனுதின வாசிப்பில் நெகேமியாவின் ஐந்தாம் அதிகாரம் வந்தது. பலமுறை வாசித்த பகுதிதான். அன்று மட்டும் அது என்னைக் குற்றப்படுத்தியது.

எருசலேமின் மதில் எழும்பிக்கொண்டிருக்கிறது. வெளியே பகைவர்; உள்ளே பஞ்சம். அந்த நேரத்தில் ஜனங்களும் அவர்களுடைய மனைவிகளும் முறையிடுகிறார்கள். அந்த முறையீடு புறத்தாருக்கு விரோதமானதன்று, தங்கள் சொந்தச் சகோதரருக்கு விரோதமானது. தானியம் வாங்குவதற்காக நிலங்களையும் திராட்சத்தோட்டங்களையும் வீடுகளையும் அடகு வைத்திருக்கிறார்கள். ராஜாவின் தீர்வையைச் செலுத்தக் கடன் வாங்கியிருக்கிறார்கள். பிள்ளைகள் அடிமைகளாகிக்கொண்டிருக்கிறார்கள். அடகு வைத்த வீட்டைப் பற்றிய முறையீடு வேதத்தில் எத்தனை வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

மதில் வேலை ஐம்பத்திரண்டு நாளில் முடிந்தது என்று அடுத்த அதிகாரம் சொல்லுகிறது. அத்தனை அவசரமான, அத்தனை பரிசுத்தமான வேலை. “இப்பொழுது மதிலைக் கட்டுங்கள், கடன் காரியத்தைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார்” என்று நெகேமியா சொல்லியிருக்கலாம். நான் சொன்னதும் அதுதானே! அவர் அப்படிச் சொல்லவில்லை. கேட்டார், மிகவும் கோபங்கொண்டார், வட்டிக் கணக்கைப் பற்றிப் பேசுவதற்கென்றே ஒரு பெரிய சபையைக் கூட்டினார். கணக்கு அவருக்கு ஆவிக்குரிய காரியத்துக்குப் புறம்பானதாக இருக்கவில்லை.

அன்று மாலையே அந்தச் சகோதரியின் வீட்டுக்குப் போனேன். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நம் சபை மூப்பர் ஒருவரையும் அழைத்துச் சென்றேன். மூவருமாக அந்தத் தாளை வரிவரியாக வாசித்தோம்.

6,590 ரூபாய் எப்படி வந்தது?

அவருடைய மாதத் தவணை 13,017 ரூபாய். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி அது அவர் சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகவே எடுக்கப்படும். ஒரே ஒரு மாதம் பள்ளிச் சம்பளம் 8ஆம் தேதி வந்தது. 5ஆம் தேதி கணக்கில் போதிய பணம் இல்லாததால் தவணை திரும்பிவிட்டது. சகோதரி 9ஆம் தேதி நேரில் கிளைக்குச் சென்று 13,017 ரூபாயையும் கட்டினார். தாமதம் நான்கு நாட்கள்.

அந்த நான்கு நாட்களுக்காக, தவணை திரும்பியதற்கான கட்டணம், அதாவது பவுன்ஸ் சார்ஜ், வரியுடன் 590 ரூபாய் எழுதப்பட்டது. தாமதத்திற்கான அபராதக் கட்டணம் 500 ரூபாய் எழுதப்பட்டது. ஆக 1,090 ரூபாய். கிளையில் பணம் வாங்கிக்கொண்டவர்கள் இதைச் சொல்லவில்லை, குறுஞ்செய்தியும் வரவில்லை.

அடுத்த மாதம் 5ஆம் தேதி 13,017 ரூபாய் சரியாக எடுக்கப்பட்டது. ஆனால் கணினி அதிலிருந்து முதலாவது 1,090 ரூபாயைக் கட்டணத்திற்கு வரவு வைத்தது. மீதி 11,927 ரூபாயைத்தான் தவணைக்கு வைத்தது. எனவே தவணையில் 1,090 ரூபாய் குறைந்தது. குறைந்ததால் அந்த மாதமும் தாமதம் என்று கணக்கு. அதற்கு 500 ரூபாய். அதற்கடுத்த மாதமும் அப்படியே: பழைய குறை, புதிய கட்டணம், மறுபடியும் 500 ரூபாய். இப்படிப் பதினொரு மாதம் நடந்தது. பதினொரு ஐந்நூறு, 5,500. முதல் மாதத்தின் 1,090ஐச் சேர்த்தால் 6,590. அந்தப் பதினொரு மாதத்தில் ஒரு தவணைகூட ஒரு நாளும் தாமதமாகவில்லை!

எங்கள் மூப்பர் இன்னொரு கணக்கையும் போட்டார். 13,017 ரூபாய் நான்கு நாள் பிந்தியதால், எட்டரை விழுக்காடு வட்டியில் வங்கிக்கு ஏற்பட்ட உண்மையான நட்டம் எவ்வளவு? ஏறக்குறைய 12 ரூபாய்.

நான் வாயடைத்துப்போனேன். பன்னிரண்டு ரூபாய்த் தாமதத்திற்கு ஒரு கட்டணம் வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. ஒழுங்கு தவறினால் அதற்கு ஒரு விலை இருக்கலாம், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கிறோம். ஆனால் ஒரே தாமதத்தைப் பன்னிரண்டு முறை தண்டிப்பது அபராதமன்று. எடைக்கல்லைப் பைக்குள்ளே மாற்றுவதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

சட்டம் என்ன சொல்லுகிறது?

இதைக் கேள்வி கேட்க நமக்கு இடம் உண்டா என்று தேடியபோது, ஏற்கெனவே பலர் நமக்காகக் கேட்டு வைத்திருப்பதைக் கண்டோம். நம் சபையில் வீட்டுக்கடன் இல்லாத குடும்பங்கள் குறைவு. ஆகையால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18 அன்று இந்திய ரிசர்வ் வங்கி, கடன் கணக்குகளின் அபராதக் கட்டணங்களைப் பற்றி ஓர் அறிவுறுத்தலை வெளியிட்டது. அபராதத்தின் நோக்கம் கடன் ஒழுக்கத்தைக் கற்பிப்பதே; அதை வருமானம் பெருக்கும் கருவியாகக் கடன் தருவோர் ஆக்கிக்கொள்ளலாகாது என்பது அதன் அடிப்படை. புதிய கடன்களுக்கு அது 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய கடன்களும் 2024 ஜூன் 30க்குள் அதற்குள் கொண்டுவரப்பட வேண்டும் என்று தேதி குறிக்கப்பட்டது.

அதன் சாரம் இது. தாமதத்திற்காக வட்டி விகிதத்தின் மேல் கூடுதல் வட்டி ஏற்றக்கூடாது. தனிக் கட்டணமாகவே விதிக்கலாம். அந்தக் கட்டணத்தை அசலோடு சேர்த்து அதற்கு மேலும் வட்டி போடக்கூடாது. கட்டணத்தின் அளவு நியாயமானதாகவும் தவறின் அளவுக்குப் பொருந்தியதாகவும் இருக்க வேண்டும். தொழில் நோக்கமின்றிக் கடன் பெற்ற தனிமனிதரிடம், அதே போன்ற தவறுக்கு நிறுவனங்களிடம் வாங்குவதைவிட அதிகமாக வாங்கக்கூடாது. எவ்வளவு, எதற்காக என்பது கடன் ஒப்பந்தத்திலும் முக்கிய நிபந்தனைகளிலும் தெளிவாக இருக்க வேண்டும். வங்கியின் இணையதளத்திலும் காட்டப்பட வேண்டும். நிபந்தனை தவறியதை நினைவூட்டி அனுப்பும் செய்தியிலேயே கட்டணத்தைத் தெரிவிக்க வேண்டும். கட்டணம் விதித்த ஒவ்வொரு முறையும் அதையும் அதன் காரணத்தையும் கடனாளிக்கு அறிவிக்க வேண்டும்.

நேர்மையாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி உச்சவரம்பு விதிக்கவில்லை. தவணைப் பாக்கிக்கு வழக்கமான வட்டி ஓடுவதையும் அது தடுக்கவில்லை. சகோதரியின் கணக்கில் நடந்ததுபோல, பழைய கட்டணத்தைத் தவணையிலிருந்து கழித்துப் புதிய தாமதத்தை உண்டாக்கும் முறையை அது பெயர் சொல்லிக் குறிப்பிடவுமில்லை. அமெரிக்காவில் வீட்டுக்கடன் வசூலிப்போர் அப்படிக் கட்டணத்தின்மேல் கட்டணம் அடுக்குவதை விதி வெளிப்படையாகவே தடுக்கிறது. நம் நாட்டில், “தவறின் அளவுக்குப் பொருந்திய கட்டணம்” என்ற அளவுகோலையும் “காரணத்தை அறிவிக்க வேண்டும்” என்ற கடமையையும் முன்வைத்துத்தான் கேட்க வேண்டும். அந்த அளவுகோல் போதுமானது. பதினொரு மாதம் அவர் செய்யாத தவறுக்குப் பொருந்திய கட்டணம் எவ்வளவு? ஒன்றுமில்லை.

இந்த நியாயம் நேற்று முளைத்ததன்று. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் தன் 74ஆம் பிரிவில், ஒப்பந்தத்தில் அபராதத் தொகை எழுதப்பட்டிருந்தாலும், அந்தத் தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடே கிடைக்கும் என்கிறது. அபராத வட்டியை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி வாங்கலாகாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2001இல் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த அறிவுறுத்தலின்படி விதிக்கப்படும் அபராதக் கட்டணத்தின்மேல் ஜி.எஸ்.டி. வரி இல்லை என்பதும் 2025 ஜனவரியில் தெளிவுபடுத்தப்பட்டிருக்கிறது. உங்கள் அறிக்கையில் அபராதக் கட்டணத்துக்கு 18 விழுக்காடு வரி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

தாமதத்துக்கு விலை உண்டென்றால் அது இரு பக்கத்துக்கும் இருக்க வேண்டும் அல்லவா? அதுவும் இப்போது உண்டு. கடன் முழுவதும் தீர்ந்தபின் 30 நாட்களுக்குள் வங்கி வீட்டுப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். தன் குறையால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறை. கடனை முடித்து, பத்திரத்துக்காக மாதக்கணக்கில் கிளைக்கு நடந்த நம் மூத்தவர்கள் இதை அறிந்தால் வியப்பார்கள்.

“கிறிஸ்தவன் இப்படிக் கேட்கலாமா?”

இவ்வளவும் தெரிந்தபின்னும் நமக்குள்ளே ஒரு தயக்கம் இருக்கும். எனக்கும் இருந்தது. அதை மூன்று கேள்விகளாகப் பிரித்துப் பார்க்கிறேன்.

முதலாவது: வாங்கிய கடனைச் செலுத்துவதல்லவா தேவபக்தி? சந்தேகமில்லை. கடன் வாங்கித் திருப்பிச் செலுத்தாதவனைச் சங்கீதம் 37 துன்மார்க்கரோடு வைக்கிறது. சகோதரி அசலையோ வட்டியையோ மறுக்கவில்லை. முதல் மாதத்தின் 1,090 ரூபாயைக்கூட, “நான் தவறியதற்கு நான் கட்டுகிறேன்” என்றார். உரியதை உரியவருக்குச் செலுத்த வேண்டும் என்று ரோமர் 13 சொல்லும்போது, உரியது எது என்று கணக்குப் பார்ப்பதும் அந்தக் கீழ்ப்படிதலின் ஒரு பகுதியே. ஏழு ரூபாய்ப் பொருளுக்குப் பத்து ரூபாய் கேட்கப்பட்டால், ஏழு என்று சொல்லுவது கடனை மறுப்பதாகாது. அது உண்மை பேசுவது.

இரண்டாவது: வஸ்திரத்தைக் கேட்பவனுக்கு அங்கியையும் விட்டுக்கொடுக்கும்படி நம் ஆண்டவர் மலைப் பிரசங்கத்தில் போதித்தாரே? ஆம். என்னுடையதை நான் மனமுவந்து விட்டுக்கொடுப்பது கிருபை. ஆனால் ஒரு விதவையின் வீட்டிலிருந்து எடுக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டு, “விட்டுக்கொடுங்கள், அம்மா” என்று ஒரு போதகர் சொல்லுவது கிருபையா? விட்டுக்கொடுத்தது அவர், நல்ல பெயர் எனக்கு! இப்படிப்பட்ட தாராளம் மலைப் பிரசங்கத்தில் இல்லை. பிலிப்பி பட்டணத்தில் பவுலை நினையுங்கள். விசாரணையின்றி அடித்துச் சிறையிலிட்டவர்கள், மறுநாள் இரகசியமாய்ப் போய்விடச் சொன்னார்கள். அவர் போகவில்லை. தாம் ரோமக் குடிமகன் என்பதைச் சொல்லி, அதிகாரிகளே நேரில் வந்து வெளியே அழைத்துப்போகச் சொன்னார். பவுல் அந்த ஊரை விட்டுப் போய்விடுவார். லீதியாளும் சிறைச்சாலைக்காரன் குடும்பமும் அங்கேதான் வாழ வேண்டும். நம் சகோதரி கேள்வி கேட்டால், அதே கணினி அதே தவறைச் செய்யும் அடுத்த வீட்டுக்கும் அது பாதுகாப்பாகும்.

மூன்றாவது: வெறும் 5,500 ரூபாய்க்காகவா இத்தனை பாடு? இந்தக் கேள்விக்கு உபாகமம் 24 பதில் சொல்லுகிறது. திரிகைக் கல்லை அடகாக வாங்கக்கூடாது என்கிறது அந்தச் சட்டம். கடன் கொடுத்தவனுக்கு அது ஒரு கல். கடன்பட்ட வீட்டுக்கோ அதில் அரைத்தால்தான் அப்பம். ஏழையின் போர்வையைச் சூரியன் அஸ்தமிக்குமுன் திருப்பிக் கொடுக்கச் சொல்லுகிறது. கடன் கொடுத்தவனுக்கு அது பழைய துணி. ஏழைக்கு அது இராத்திரி முழுவதும். ஒரு பொருளை இழப்பவர் பக்கத்திலிருந்து அளக்கும்படியே தேவன் கற்றுக்கொடுத்தார். வங்கியின் பேரேட்டில் 5,500 ஒரு தூசு. அந்த வீட்டில் அது இளைய மகனின் பள்ளிப் பேருந்துக் கட்டணம்.

நெகேமியா செய்த ஒழுங்கு

நெகேமியாவின் கோபம் கூச்சலாகச் சிதறவில்லை. அதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. நாங்களும் அதையே பின்பற்றினோம்.

கோபங்கொண்டவர் உடனே பேசவில்லை; முதலில் தம் மனதிலே ஆலோசித்தார் என்று ஏழாம் வசனம் சொல்லுகிறது. நாங்களும் கிளைக்கு ஓடவில்லை. முதலாவது மூன்று காகிதங்களை மேசைமேல் வைத்தோம்: கடன் ஒப்பந்தம், முழு ஆண்டுக்கான கணக்கு அறிக்கை, சேமிப்புக் கணக்கின் பாஸ்புத்தகம். தேதி, எடுக்கப்பட்ட தொகை, எதற்கு வரவு வைக்கப்பட்டது என்று ஒரு தாளில் பன்னிரண்டு வரிகள் எழுதினோம். வங்கியின் தவறு எது, தம் தவறு எது என்று சகோதரியே பிரித்து எழுதினார்.

பிறகு நெகேமியா சம்பந்தப்பட்டவர்களிடமே பேசினார். முதுகுக்குப் பின்னால் பேசவில்லை. நாங்களும் கிளை மேலாளருக்கு எழுத்து மூலமாக, ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதினோம். 1,090 ரூபாயை ஏற்கிறோம். 5,500 ரூபாய்க்குக் காரணம் கேட்கிறோம். அதை நீக்கித் தவணை வரவுகளைத் திருத்த வேண்டுகிறோம். பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட நகலை வாங்கிவந்தோம். வாய்மொழியாகச் சொன்னால், “சிஸ்டம் அப்படித்தான் போடும்” என்ற பதிலோடு காரியம் முடிந்துவிடும்.

அதன்பின் நெகேமியா பெரிய சபையைக் கூட்டினார். நமக்கும் மேல்முறையீடு செய்ய இடம் உண்டு. ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டம், ஓம்பட்ஸ்மன் என்று வங்கியில் சொல்லுவார்கள், 2021 நவம்பர் 12 அன்று தொடங்கப்பட்டது. வங்கிக்கு எழுதி 30 நாட்களில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும், அங்கே முறையிடலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. முறையிடுவதற்குக் கால வரம்பு உண்டு. 14448 என்ற இலவச எண்ணில் விவரம் கேட்கலாம். கடன் கொடுத்தது வங்கியாக இல்லாமல் வீட்டுவசதி நிதி நிறுவனமாக இருந்தால், தேசிய வீட்டுவசதி வங்கியிடம் முறையிட வேண்டும்.

கடைசியாக நெகேமியா ஆசாரியரை அழைத்து, கொடுத்த வாக்கை ஆணையாக உறுதிப்படுத்திக்கொண்டார். நாமும் “பார்த்துச் செய்கிறோம்” என்ற சொல்லோடு திரும்பக்கூடாது. திருத்திய கணக்கு அறிக்கையைக் கையில் வாங்க வேண்டும். கடன் வரலாற்று நிறுவனங்களுக்குப் போன தவறான தகவலும் திருத்தப்பட வேண்டும். சிபில் மதிப்பெண் என்று நாம் சொல்லுவது அதைக்கொண்டே கணக்கிடப்படுகிறது. அந்தத் திருத்தம் 30 நாட்களுக்கு மேல் தாமதமானால், நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று விதி இருக்கிறது.

ஒரு எச்சரிப்பு: கேள்வி கேட்கும் காலத்திலும் தவணையை நிறுத்தாதீர்கள். பாக்கி 90 நாட்களைத் தாண்டினால் அந்தக் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் அறிவிப்புக் கொடுத்து வீட்டின்மேல் நடவடிக்கை எடுக்க அதன்பின் வழி திறந்துவிடும். நியாயம் நம் பக்கம் இருக்கும்போது நம் கையாலேயே அதைக் கெடுத்துக்கொள்ளலாகாது.

மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு

நம் சபையில் வங்கி ஊழியர்கள் பலர் உண்டு. கடன் வசூல் பணியில் இருக்கும் இளைஞர்களும் உண்டு. உங்களைக் குற்றவாளிகளாக்க இதை எழுதவில்லை. இலக்கும் கணினியும் மேலதிகாரியும் உங்களை நெருக்குவதை அறிவேன். ஆயக்காரர் யோவான் ஸ்நானகனிடம் வந்து நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, வேலையை விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. விதிக்கப்பட்டதற்கு மேல் வாங்காதிருக்கவே சொன்னார் (லூக்கா 3:13). உங்களுக்கும் அதுவே போதும். பணம் கட்ட வந்த பெண்ணிடம், “அம்மா, 1,090 ரூபாய் கட்டணமும் இருக்கிறது, அதையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள்” என்று ஒருவர் சொல்லியிருந்தால், பதினொரு மாதக் கண்ணீர் இல்லாமல் போயிருக்கும்.

கடன் கொடுத்தவன் அடகைப் பெறக் கடன்பட்டவன் வீட்டுக்குள் நுழையாமல் வெளியே நிற்க வேண்டும் என்றது உபாகமச் சட்டம். கடனாளிக்கும் ஒரு வாசற்படி உண்டு, அதற்கு மரியாதை உண்டு. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கக்கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் விதியில் அந்த வாசற்படியின் நிழலை நான் காண்கிறேன்.

நெகேமியா மற்றவர்களை மட்டும் கண்டிக்கவில்லை. தாமும் தம் சகோதரரும் கடன் கொடுத்திருந்ததை அதே சபையில் சொல்லி, அந்த வட்டியை விட்டுவிடுவோம் என்றார். நமக்குள்ளே கைமாற்றுக்கு வட்டி வாங்குகிறவர்கள், வாடகை இரண்டு நாள் பிந்தினால் அபராதம் கேட்கிறவர்கள் இல்லையா? வங்கியிடம் நாம் கேட்கும் நியாயத்தை நம் வீட்டுத் திண்ணையிலும் செய்வோம்.

உண்மையாகவே தவணை கட்ட முடியாமல் தவிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மறைந்துகொள்ளாதீர்கள், தொலைபேசியை அணைத்து வைக்காதீர்கள். தவறும் முன்னரே வங்கியிடம் எழுத்தில் சொல்லுங்கள். சம்பளத் தேதிக்கு ஏற்பத் தவணைத் தேதியை மாற்றித்தரக் கேளுங்கள். சகோதரி இப்போது தம் தவணையை 12ஆம் தேதிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். கடன்பட்டிருப்பது பாவமன்று, தனியே சுமப்பதுதான் நம்மை முறிக்கிறது.

கடிதம் கொடுத்த இருபத்துநான்காம் நாள் வங்கியிலிருந்து பதில் வந்தது. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. 5,500 ரூபாய் நீக்கப்பட்டதாகவும் தவணை வரவுகள் திருத்தப்பட்டதாகவும் இரண்டு வரிகள் இருந்தன. சகோதரி அன்றே 1,090 ரூபாயைக் கட்டி இரசீது பெற்றார். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதே உறையிலிருந்து திருத்திய அறிக்கையை எடுத்துக் காட்டி, “ஐயா, இப்போது ஜெபிக்கலாம்” என்றார். இம்முறை மடிப்பைப் பிரித்து, முழுவதும் வாசித்துவிட்டு ஜெபித்தேன்.

அடுத்த மாதம் முதல், இரண்டாம் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, சபை மண்டபத்தில் நம் மூப்பர் ஒரு மேசை போட்டு அமர்ந்திருப்பார். உங்கள் கடன் அறிக்கையை எடுத்துவாருங்கள். வெட்கப்பட வேண்டாம். என்னுடைய வீட்டுக்கடன் அறிக்கையையும் அன்று அவரிடம் கொடுக்கப்போகிறேன். இதுவரை நானும் அதைப் பிரித்துப் பார்த்ததில்லை.

உண்மையான நிறைகல்லில் பிரியப்படுகிற தேவன், கேட்கத் தைரியத்தையும் செலுத்த உண்மையையும் நமக்குத் தருவாராக. ஆமென்.